ஆலோசனை அறைக்குப் பலகை மாட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நெல்லைப் பக்கம் ‘கவுன்சிலிங்’ என்றால் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்தான் நினைவுக்கு வரும். ‘கவுன்சிலர்’ என்றால் வார்டு கவுன்சிலர். “காலேஜ்ல கவுன்சிலரைப் பாக்கச் சொன்னாங்கம்மா” என்று மகள் வீட்டில் சொன்னால், “அவரை நீ எதுக்குப் பாக்கணும்?” என்றுதான் கேட்பார்கள். மனநல ஆலோசகர் என்று விளக்கிச் சொன்னால் இன்னும் மோசம்: “எம்புள்ளைக்கு என்ன, கிறுக்கா பிடிச்சிருக்கு?” இந்தத் தயக்கத்தைக் கணக்கில் எடுக்காமலே பல கல்லூரிகளில் ஓர் அறையை ஒதுக்கி, ‘மனநல ஆலோசனை மையம்’ என்று பலகை மாட்டி, போட்டோ எடுத்து, ஆய்வுக்கு வரும் குழுவுக்குக் காட்ட வேண்டிய ஃபைலில் வைத்துவிடுகிறார்கள். அறை இருக்கிறது. அதற்குள் மாணவர் வருவதற்கான வழியும், வந்தவர் அங்கிருந்து போக வேண்டிய இடத்துக்கு வழியும் இல்லை.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களை வகுத்தது. சட்டம் வரும்வரை பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம், கோச்சிங் சென்டர், விடுதி எல்லாவற்றுக்கும் இவை பொருந்தும். 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரோ உளவியலரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் வெளியே உள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வேண்டும். ஆசிரியர்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி. நெருக்கடியில் யாரை எங்கே அனுப்புவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். தீர்ப்பு எடுத்துக்காட்டிய தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள்.

இந்த உத்தரவை நிறைவேற்றும் எளிய வழியைப் பலரும் கண்டுபிடித்துவிட்டார்கள். துறையில் வேலைப்பளு குறைந்த ஓர் உதவிப் பேராசிரியரின் பெயரில் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஓர் ஆணை. அவருக்கு வாரம் 16 மணி நேரம் பாடம், அதோடு என்.எஸ்.எஸ்., அதோடு தேர்வுப் பணி. அவர் நல்லவராகவே இருக்கலாம். மாணவர்கள் மனம்விட்டுப் பேசுகிறவராகவும் இருக்கலாம். ஆனால் இன்டர்னல் மார்க் போடும் கையும் ரகசியம் கேட்கும் காதும் ஒரே ஆளுக்கு இருக்கக்கூடாது. “நைட்டு தூக்கமே வரல சார், படிப்பு ஓட மாட்டேங்கு” என்று திங்கட்கிழமை சொன்ன மாணவன், புதன்கிழமை அவரிடமே வைவா கொடுக்க வேண்டியிருக்கிறது. தவிர, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 23இல் சொல்லும் ரகசியக் காப்பு, சிகிச்சை தரும் மருத்துவத் துறையினரைக் கட்டுப்படுத்துகிறது. கூடுதல் பொறுப்புப் பேராசிரியரைக் கட்டுப்படுத்துவது அவருடைய நல்ல மனசு மட்டும்தான்.

ஆலோசகரை நியமிக்கும்போது என்ன பார்க்க வேண்டும்? மருத்துவ உளவியலர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். மனநல சமூகப் பணியில் எம்.ஃபில். முடித்தவர்களும் இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள். எம்.எஸ்ஸி. உளவியல் மட்டும் முடித்தவர், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் இருந்தால் மாணவர் ஆலோசனைக்குப் போதும். நோயைக் கண்டறிந்து பெயர் வைக்கும் வேலை அவருடையதல்ல. சனி ஞாயிறு வகுப்பில் மூன்று மாதச் சான்றிதழ் வாங்கியவரை நியமித்துவிட்டு நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றிவிட்டோம் என்று சொல்ல முடியாது. நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சாகணும்னு தோணுதுன்னு ஒரு பையன் சொன்னா அடுத்த ஒரு மணி நேரத்துல என்ன செய்வீங்க?” பதிலில் ‘தன்னம்பிக்கை கொடுப்பேன்’ என்று வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்பதை யாரும் கணக்குப் போடுவதில்லை. ஓர் அமர்வு 45 நிமிடம், குறிப்பு எழுத 15 நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து பேர். அதற்கு மேல் பார்த்தால் ஆறாவது ஆள் சொல்வது காதில் விழாது. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 450 அமர்வு. வருகிறவருக்குச் சராசரி ஐந்து அமர்வு தேவை என்று வைத்தால் 90 மாணவர். 3,000 பேர் படிக்கும் கல்லூரியில் நூற்றுக்கு ஐந்து பேர் வந்தாலே 150. ஒரே ஓர் ஆலோசகரை வைத்துக்கொண்டு ‘எல்லாரும் வாருங்கள்’ என்று அழைப்பதற்கு முன்னால், மீதி 60 பேரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். காத்திருப்புப் பட்டியல் வைக்கலாம், ஆனால் அதில் யார் அவசரம் என்று முதல் பத்து நிமிடத்தில் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

அறையைப் பற்றி. முதல்வர் அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கே போகிறவனை எல்லாரும் பார்ப்பார்கள், ‘என்னல, சஸ்பென்ஷனா?’ என்று கேட்பார்கள். நூலகத்தை ஒட்டியோ மருத்துவ அறையை ஒட்டியோ இருந்தால் எதற்குப் போகிறான் என்று தெரியாது. இரண்டு வாசல் இருந்தால் நல்லது; முந்தைய ஆளும் அடுத்த ஆளும் முகம் பார்க்காமல் போகலாம். கதவில் கண்ணாடி வேண்டாம், உள்தாழ்ப்பாளும் வேண்டாம். நடுவில் மேசை போட்டு எதிரெதிரே உட்கார்ந்தால் அது விசாரணை ஆகிவிடும். ஒரே உயரமுள்ள இரண்டு நாற்காலிகளைச் சற்றே கோணலாகப் போட வேண்டும். அழுகிறவன் கண்ணைத் திருப்பிக்கொள்ள ஒரு ஜன்னல் வேண்டும். குடிக்கத் தண்ணீர். சுவரில் கடிகாரம், அது ஆலோசகருக்குத் தெரியும் இடத்தில். பேச்சு வெளியே கேட்கிறதா என்று ஓர் ஆளை வெளியே நிறுத்திப் பார்த்துவிடுங்கள். பழைய கட்டடங்களில் மேலே காற்றுப்போக்கிக்காக விட்ட இடைவெளி வழியாகப் பக்கத்து வகுப்புக்கு எல்லாம் கேட்கும்; அட்டை வைத்து அடைக்க ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

ரகசியம் பெரும்பாலும் ஆலோசகர் வாயிலிருந்து கசிவதில்லை. நோட்டிலிருந்தும் சீட்டிலிருந்தும்தான் கசிகிறது. வாசலில் பெயர், துறை, வந்த காரணம் என்று மூன்று கட்டம் போட்ட வருகைப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அடுத்து வருகிறவன் கையெழுத்துப் போடும்போது மேலே உள்ள பத்துப் பெயரையும் படித்துவிடுகிறான். எண் மட்டும் உள்ள அட்டை கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற ஏடு பூட்டிய அலமாரியில் தனியாக இருக்கட்டும். வகுப்பு நேரத்தில் வந்தவருக்கு, அந்த நேரத்தை வருகையாகக் கணக்கிட ஓ.டி. சீட்டு தேவை. அதில் ‘கவுன்சிலிங்’ என்று எழுதினால் துறைத் தலைவர் மேசைக்குப் போய், மதியத்துக்குள் வகுப்புக்கே தெரிந்துவிடும். மருத்துவ அறைச் சீட்டு ஒன்றே போதும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனவர்கள் மருத்துவச் சான்று கொடுக்கும்போதும் இதே சிக்கல்தான். மனநல மருத்துவரின் முத்திரையைக் காட்டக் கூச்சப்பட்டு, அபராதமும் கட்டி, ஒரு செமஸ்டரையே இழந்துவிடுகிறார்கள். கல்லூரி மருத்துவர் அந்தச் சான்றைப் பார்த்துவிட்டு, ‘சிகிச்சையில் இருந்தார்’ என்று ஒற்றை வரியில் தம் கையெழுத்தில் கொடுத்தால் அலுவலகத்துக்கு அது போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மூரில் “சார், நீங்க எந்த ஊரு?” என்று மாணவன் கேட்டால் அது ஊரை மட்டும் கேட்பதல்ல. அடுத்து “அங்கன எந்தத் தெரு?” என்று வரும். ஆலோசகர் எந்தச் சாதி என்று தெரிந்தபிறகுதான் அவன் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்கிறான். நாங்குநேரியில் 2023இல் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதும், அதன்பிறகு மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டதும் எல்லாருக்கும் தெரியும். சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிற்றின் நிறம் பள்ளியோடு முடிந்துவிடுவதில்லை. கல்லூரி பஸ்ஸில், விடுதி அறை ஒதுக்கீட்டில், மெஸ் மேசையில் அது தொடர்கிறது. ‘எல்லாரையும் சமமாகப் பார்க்கிறேன்’ என்று ஆலோசகர் சொல்வதால் இந்தத் தயக்கம் போகாது. ஒருவருக்கு இருவராக, ஆண் ஒருவர் பெண் ஒருவராக, முடிந்தால் மாவட்டத்துக்கு வெளியே இருந்து வந்தவராக வைத்து, யாரைப் பார்ப்பது என்பதை மாணவரே தேர்ந்துகொள்ளும்படி விட்டால் ஓரளவு குறையும்.

நேரம். இது மிகச் சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பல மையங்கள் காலியாகக் கிடப்பதற்கு இதுதான் காரணம். ‘மாலை 3.30 முதல் 5 வரை’ என்று போர்டில் எழுதியிருப்பார்கள். முக்கூடலிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் கடையத்திலிருந்தும் வருகிற பெண்கள் கடைசி வகுப்பு மணி அடித்ததும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். அதை விட்டால் அடுத்தது இருட்டியபின். வீட்டில் ‘எங்க போயிருந்த?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. தென்காசி சாலையில் அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வளாகத்துக்கும் இதே நிலைதான்: பஸ்தான் நேரத்தை முடிவு செய்கிறது. ஆகவே காலை இடைவேளை, மதிய உணவு நேரம், ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு நூலக நேரம், இவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். ஷிப்ட் முறைக் கல்லூரியில் இரண்டு ஷிப்டும் சந்திக்கும் மதிய வேளை பொருத்தமானது. விடுதி மாணவர்களுக்கு இரவு எட்டு மணிக்கு மேல் வாரம் இரண்டு நாள்.

அடுத்து, கூகுள் ஃபார்ம். இதில் நடக்கும் தவறு ஆபத்தானது என்பதால் விரிவாகச் சொல்கிறோம். மனச்சோர்வின் அறிகுறிகளை அறிய பி.எச்.கியூ-9 என்று ஒன்பது கேள்வி கொண்ட ஒரு படிவம் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, கவனம் முதலியவை எப்படி இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ நினைத்தீர்களா என்பது. கல்லூரிகளில் இதை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். பதிவு எண் கட்டாயம். ‘நாளைக்குள் நிரப்பாதவர்களுக்கு ஆப்சென்ட்’ என்று ஒரு மிரட்டலும் கூடவே. பதில்கள் எக்ஸெல் தாளில் விழுகின்றன. பத்துக்கு மேல் வாங்கியவர்களை மட்டும் வடிகட்டி ஒரு பட்டியல் எடுத்து, துறைவாரியாகப் பிரித்து அனுப்புகிறார்கள், அதுவும் இரண்டு வாரம் கழித்து. இப்போது ஒரு மாணவியின் வரிசையைப் பாருங்கள்: தூக்கம் 2, சோர்வு 2, மற்றவை பெரும்பாலும் 0, பசி 1, ஒன்பதாவது கேள்வி 2. கூட்டினால் 7. வடிகட்டியில் அவள் விழவே இல்லை.

ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எந்த எண் வந்தாலும், மொத்தம் எவ்வளவு இருந்தாலும், அன்றைக்கே ஒருவர் அந்த மாணவரோடு பேசியாக வேண்டும். அதற்கு ஆள் இல்லாத நாளில் ஃபார்மை அனுப்பாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு, 60 பேர், காலை பத்து மணிக்கு. மதியத்துக்குள் பார்த்து முடிக்க முடியும். தாளைத் திறக்கும் அனுமதி ஆலோசகருக்கு மட்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு என்ன நடக்கும் தெரியுமா? சீனியர்கள் ஜூனியர்களுக்கு, “எல்லாத்துக்கும் சைபர் போட்ருல, இல்லைன்னா கூப்பிட்டு உக்கார வச்சிருவாங்க” என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கல்லூரியின் அறிக்கையில் நூற்றுக்கு நூறு பேரும் நலமாக இருப்பார்கள்.

படிவத்தை விட நம்பகமானவை சில பேச்சுகள். ‘டிப்ரஷன்ல இருக்கேன் மாப்ள’ என்று கேன்டீனில் சத்தமாகச் சொல்கிறவனை மட்டும் கவனித்தால் போதாது. தளர்ந்தவர்களில் பலர் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதே இல்லை. நெஞ்சு படபடன்னு அடிக்கி, தலை பாரமா இருக்கு, சாப்பாடு இறங்க மாட்டேங்கு, வயித்தப் புரட்டுது என்று உடம்பைத்தான் அப்படிப்பட்டவன் சொல்வான். முதலில் போவது மருந்துக்கடைக்கு, அடுத்தது ஈ.சி.ஜி. எடுக்க. மூன்று தடவை ஈ.சி.ஜி. எடுத்தும் ஒன்றும் இல்லை என்று வந்தவன் பதற்ற நோயோடு இருக்கலாம் என்று கல்லூரி மருத்துவ அறை செவிலியருக்குத் தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. இதேபோல விடுதிச் சமையலரும் வாட்ச்மேனும் எங்கள் கணக்கில் முக்கியமானவர்கள். யார் மூன்று நாளாகச் சாப்பிட வரவில்லை என்று வார்டனுக்கு முன்னால் தெரிவது மெஸ்காரருக்குத்தான். உச்ச நீதிமன்றம் சொன்ன பயிற்சியில் ‘ஆசிரியரல்லாத பணியாளர்கள்’ என்ற சொல் சும்மா வரவில்லை.

காலண்டரையும் பார்க்க வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் தலைமுறையாக வந்தவருக்கு முதல் செமஸ்டரின் ஆறாவது ஏழாவது வாரம், முதல் இன்டர்னல் தாள் கைக்கு வரும் நேரம். ஏப்ரல், நவம்பர் தேர்வுக்கு முந்தைய பத்து நாள். ரிசல்ட் இணையத்தில் வரும் ராத்திரி. அரியர் எண்ணிக்கை தெரிந்ததும் வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்திருக்கும் மணி நேரங்கள் அவை. ரிசல்ட் வரும் நாள் முன்கூட்டியே தெரியும் என்றால், அன்றிரவு விடுதியில் ஆலோசகரோ துணை வார்டனோ விழித்திருக்க ஏற்பாடு செய்வது பெரிய செலவில்லை. இன்னொன்று ஹால் டிக்கெட். கட்டண பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்திவைத்துவிட்டு, அழும் மாணவியை ஆலோசகரிடம் அனுப்பினால் அவர் என்ன செய்வார்? மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பாரா? இப்படிப்பட்ட நேரத்தில் ‘இவருக்கு 30 நாள் அவகாசம் தரப் பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதும் அதிகாரத்தை ஆலோசகருக்கு நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். பல நேரம் அந்த ஒரு சீட்டு ஐந்து அமர்வுக்குச் சமம்.

நெருக்கடி நேரம். ஒரு மாணவர், ஆசிரியரிடமோ நண்பரிடமோ வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி பேசினால், நேராகக் கேளுங்கள்: “செத்துப் போயிரலாம்னு நினைப்பு வருதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, கேட்டால் பெரும்பாலும் ஒரு பெருமூச்சு வரும். “இதுக்குப் போயா”, “அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்காங்க” என்று தொடங்காதீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சி ஏற்கெனவே அவன் தலையில் பாரமாக இருக்கிறது. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஒரு சிலரிடம் மட்டும் சொல்லுவேன், யாரிடம் என்பதை உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்லுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆம் என்றால், எப்போது என்று யோசித்திருக்கிறாயா, அதற்காக ஏதாவது கையில் வைத்திருக்கிறாயா என்று கேளுங்கள். வைத்திருந்தால் அது அந்த அறையை விட்டுப் போக வேண்டும். அந்த நேரம் முதல் அவரைத் தனியாக விடக்கூடாது, கழிவறைக்குக்கூட வாசல்வரை ஒருவர் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது மத்திய அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் இயங்குகிறது, தமிழில் பேசலாம். பக்கத்தில் உட்கார்ந்தே போட்டுக் கொடுங்கள். ஆறு பேர் தங்கும் விடுதி அறையில் இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டு, பேச இடம் எங்கே என்று சொல்லாமல் விட்டால் ஒட்டியதில் பயனில்லை.

ஆபத்து உடனடி என்றால் நெல்லையில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும், இரவு பகல் அவசரப் பிரிவும் இருக்கின்றன. தூத்துக்குடிக்காரர்களுக்கும் ஆசாரிபள்ளம் பக்கம் இருப்பவர்களுக்கும் அந்தந்த ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இரண்டு பேர் கூடப் போக வேண்டும்; போவது மாணவி என்றால் அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். மாணவர் என்ன சொன்னார், எப்போது சொன்னார், ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். பணி மருத்துவர் கேட்கும்போது, “ஒண்ணுமில்ல, தூக்கம்தான் வரல” என்று மாணவர் சொல்லிவிட்டால், அந்த அரைப் பக்கம்தான் பேசும். முயற்சி நடந்துவிட்டிருந்தால் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தரும். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தனியார் கிளினிக்காகச் சுற்றி நேரத்தை இழக்கிறார்கள். 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா? வெளியூர்க் கையேடுகளில் ‘உடனே பெற்றோரை அழையுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நம் பகுதியில் அதை அப்படியே செய்யக்கூடாது. துயரத்தின் காரணம் வேறு சாதிக் காதல் என்றால், அந்த ஒரு போன் கால் மாணவியின் உயிருக்கோ அந்தப் பையனின் உயிருக்கோ ஆபத்தாக முடியலாம். 18 வயது நிறைந்தவர் என்றால் வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று அவரையே கேளுங்கள்: அத்தையா, அக்காவா, தாய்மாமாவா. எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். உயிராபத்து இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி, காரணத்தைச் சொல்லாமல் விட முடியும். முதலாம் ஆண்டில் 17 வயதில் சேர்ந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சட்டப்படி காப்பாளர் தேவை, அப்போதும் காரணத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

மாத்திரை ஆரம்பித்தபின் நடப்பது ஆலோசனை மையங்களின் கண்ணுக்கே படுவதில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம் ஆகும். குமட்டல், தலைவலி, தூக்கக் கேடு எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரியுமுன் பக்க விளைவு தெரிவதால் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். “பழக்கமாயிரும், விட்ரு” என்று வீட்டில் சொல்ல ஒருவர் இருப்பார். இள வயதினருக்கு முதல் சில வாரங்களில் படபடப்பு கூடுகிறதா என்று கவனிக்கவும் வேண்டும். ஆகவே மூன்றாம் நாள், பத்தாம் நாள், மூன்றாம் வாரம் என்று ஆலோசகர் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஓ.பி. காலை நேரத்தில், மகளோடு வரும் பீடி சுற்றும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். அடுத்த முறை கல்லூரிச் செவிலியரே கூட்டிப்போகலாம் என்றால் அந்தச் சிகிச்சை தொடரும். கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறோம் என்பவர்களிடம் சண்டை போடாதீர்கள். திருநீறும் பூசட்டும், மாத்திரையும் போடட்டும்.

உயிர் பிழைத்துத் திரும்பும் மாணவரைத்தான் கல்லூரிகள் மிக மோசமாக நடத்துகின்றன. ‘ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொண்டுவா’, ‘விடுதியைக் காலி செய்’, சில இடங்களில் ‘டி.சி. வாங்கிக்கோ’. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மீண்டும் முயலும் ஆபத்து மிகுந்தவை என்பது இத்துறையில் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் நண்பர்களையும் அறையையும் பறிப்பது தள்ளிவிடுவதற்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் நடத்தி, 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முயன்று பிழைத்தவர்களோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அதன்பின் 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் நேரிலோ போனிலோ விசாரித்தார்கள். மொத்தம் ஒன்பது முறை. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட, இவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் மிகக் குறைவு. மருந்து இல்லை, இயந்திரம் இல்லை. ஒரு நோட்டும் ஒரு போனும், தேதி மறக்காத ஓர் ஆளும். இந்த ஒன்பது தேதிகளையும் ஆலோசகர் மேசைக் காலண்டரில் குறித்துவைப்பதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

பணம் இல்லை, ஆள் கிடைக்கவில்லை என்று சிறிய கல்லூரிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்கு எங்கள் யோசனை, கூட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் தூய சவேரியார், தூய யோவான், சாராள் தக்கர், சதக்கத்துல்லா அப்பா என்று கல்லூரிகள் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. நான்கு கல்லூரிகள் சேர்ந்து நான்கு ஆலோசகர்கள். எந்த மாணவரும் எந்தக் கல்லூரி ஆலோசகரையும் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தால், தன் கல்லூரிக்குள் யார் கண்ணிலும் படாமல் போக முடியும். முன்னே சொன்ன ஊர், தெரு பிரச்சினைக்கும் இது ஒரு வழி. சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வாரம் இருமுறை சுற்றி வரும் ஆலோசகர் ஒருவரைப் பல்கலைக்கழகமே அமர்த்தலாம். இணைவுக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கினால் சம்பளம் வந்துவிடும். 2022இல் அரசு மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கிய ‘மனம்’ என்னும் மனநல நல்லாதரவு மன்றம் போல மாணவத் துணைவர்களைப் பழக்குவதும் நல்லதே. ஆனால் துணைவருக்கு வேலை கேட்பதும் கூட்டிப்போவதும் மட்டும். இருபது வயதுப் பிள்ளையின் தலையில் இன்னொரு பிள்ளையின் உயிரைத் தூக்கி வைக்கக் கூடாது.

கடைசியாகத் தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகளின்படி, தற்கொலைச் செய்தியில் முறையையும் இடத்தையும் விவரிக்கக்கூடாது, முதல் பக்கத்தில் பெரிதாகப் போடக்கூடாது, பரபரப்பான தலைப்பு வைக்கக்கூடாது. ‘மார்க் குறைந்ததால் மாணவி விபரீத முடிவு’ என்ற தலைப்பு பரபரப்பூட்டுவதோடு, ஓர் உயிரின் துயரத்தை ஒரே காரணத்தில் அடக்கியும் விடுகிறது. அதே மார்க் வாங்கிய இன்னொரு மாணவி காலையில் அதைப் படிக்கிறாள். செய்தியின் அடியில் 14416 என்ற எண்ணை, வரி விளம்பர எழுத்தில் போடாமல், செய்தி எழுத்தின் அளவிலேயே போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் இதன் கீழும் போடுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி மாணவர் மனநலப் பணியில் உள்ளோர் சிலர்,
பாளையங்கோட்டை.